மெத்தென்று இருப்பது

மூட்டைக்கு நாற்பது ரூபாய்.
மண்ணை உதறிக் கட்ட வேண்டும்,
உதறாவிட்டால் முப்பது.
பாலவாக்கம் மணல்மேட்டில்
மாசி வெயில் ஏறுமுன்
பதினாறு பேர் குனிந்திருக்கிறோம்.

முதல் மூன்று நாள்
கையைக் கிழித்ததையெல்லாம் பிடுங்கினோம்.
கிழிப்பதுதானே கெட்டதாக இருக்க முடியும்?
நாலாம் நாள் ரெஜினா மேடம் வந்து
மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்
தலையில் கைவைத்தார்.
"ஐயோ, இது ராவணன் மீசைங்க.
குத்துறதுதான் நம்முது.
மெத்துன்னு நிக்குது பாருங்க,
அதைப் புடுங்குங்க."
நல்லா இருக்கே நியாயம் என்றாள் செண்பகவல்லி,
ரத்த விரலைச் சப்பிக்கொண்டே.
மூன்று நாள் மூட்டைக்கும் காசு கொடுத்தார்கள்,
அது வேறு விஷயம்.

மெத்தென்று நிற்பதை எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொல்லவில்லை.
பதின்மூன்று வருஷம் முன்னால்
அதோ, அந்தக் கண்ணாடி வீட்டு வாசலில்
சாண் இடைவெளி விட்டு
அதை நட்டது இந்தக் கை.

கறுப்புப் பைகளில் வந்தது,
ஈரச் சாக்கு போர்த்தி,
ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிள்ளை மாதிரி.
பேர் சொன்னார்கள், நாக்கில் நிற்கவில்லை.
தண்ணி கேக்காது தேசிங்கு, என்றார் வீட்டுக்காரர்,
மண்ணைப் பிடிச்சுக்கும்,
வருஷம் பூரா அழகா நிக்கும்.
மூன்றுமே உண்மை.
அவர் பொய் சொன்னார் என்று
யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன்.

ஆவணியில் பூத்தது,
பூனை வால் பூனை வாலாய், வெளிறிய ரோஸில்.
கல்யாணம் நிச்சயமானவர்கள்
கேமராக்காரனோடு வந்து
அதற்குள் உட்கார்ந்து சிரித்தார்கள்.
நானும் ஒரு வாலை ஒடித்து
சைக்கிள் ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டு
குப்பம் முழுக்கச் சுற்றினேன்.

பிறகு அண்ணன் தம்பி வழக்கு.
கேட்டுக்குப் பூட்டு.
சம்பளம் இல்லை என்று எனக்குச் சொன்னார்கள்,
புல்லுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
சுவர் விரிசலில் ஒரு வால் வெளியே வந்தது.
அடுத்த மழைக்கு முப்பது.
அதற்கடுத்த வருஷம்
அடப்பங்கொடியின் ஊதாப்பூவைத் தேடி
ஆடு கூட வரவில்லை.

நேற்று
ஒரு குத்தை இழுத்தபோது
வேரோடு வந்தது முட்டை.
இரவில் தடம் பார்த்து நடக்கிற பிள்ளைகள்
தவறவிட்ட குழி.
பங்குனி ஆமை, நூற்றுப் பதினொன்று.
தோல் முட்டைக்குள் ஊசி ஏற்றியதுபோல்
வெள்ளை வேர் ஒருபக்கம் நுழைந்து
மறுபக்கம் வந்திருந்தது.
ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன்.
கனமே இல்லை.
கரு இருந்த இடத்தில் வேர்
கோழிக்கூடு மாதிரி சுருண்டிருந்தது.
ரெஜினா மேடம் எண்ணி எழுதினார்.
முப்பத்தேழு போச்சு, என்றார்.
என் முகத்தைப் பார்த்து,
"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, விடுங்க" என்றார்.
விட்டேன்.

வழித்த மேடு இப்போது மொட்டையாய்க் கிடக்கிறது.
காற்று வந்தால் மண் நடந்து ரோட்டுக்குப் போகிறது.
டீக்கடைக் கோசலை
பாய்லரை மூடிக்கொண்டு திட்டுகிறாள்:
அந்தப் புல்லு இருந்தப்ப
ஒரு கிளாஸ்ல மண்ணு விழுந்திருக்குமா?
விழுந்ததில்லை.
அடப்பங்கொடித் துண்டுகளை வரிசையாய்ப் புதைத்திருக்கிறோம்.
பிடிக்குமா என்றால்
பிடிக்கலாம் என்கிறார்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து
சட்டை ஓரத்தைப் பார்த்தேன்.
வால் மயிரோடு விதை, பத்துப் பன்னிரண்டு.
தட்டிவிடக் கை தூக்கினேன்.
காலடியில்
மழைத்தண்ணீர்க் கால்வாய்,
அதன் ஓரம் கொஞ்சம் மண்.

கையை இறக்கினேன்.
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துச்
சோற்று டப்பாவில் போட்டு
மூடியை இறுக்கி
மடியில் வைத்துக்கொண்டேன்.
சோழிங்கநல்லூர் வரை
அது ஒரு சத்தமும் போடவில்லை.